இலை நூற்புழு

அழகுச் செடிகளின் இலைக்கும் மொட்டுக்கும் உள்ளே வாழும் அபெலெங்காய்டஸ் பேரினப் புழு. நீளம் பெரும்பாலும் 1 மி.மீ.க்குக் குறைவு. செவ்வந்தி, பெகோனியா, பெரணி, ஆப்பிரிக்க வயலட், சம்பங்கி ஆகியவற்றைத் தாக்கும்.

இதன் பெயர் வரலாறு நீண்டது. இங்கிலாந்தின் பூச்சியியல் அறிஞர் எலினார் ஆர்மரோட் அனுப்பிய, நோயுற்ற ஸ்ட்ராபெர்ரிச் செடிகளை ஆராய்ந்து ஃபிரகேரியே இனத்தை 1890-91 வாக்கில் விவரித்தவர் நெதர்லாந்தின் ரிட்செமா போஸ். அவர் பெயரையே தாங்கிய செவ்வந்திப் புழு 1911-இல் விவரிக்கப்பட்டது. 1942-இல் நூற்புழு அறிஞர் கிறிஸ்டி அமெரிக்க ஸ்ட்ராபெர்ரியிலிருந்து பெசேயி இனத்தை விவரித்தார். 1948-இல் ஜப்பானில் நெற்பயிரிலிருந்து யோக்கோ பெயரிட்ட ஒரைசே, 1952-இல் பெசேயியோடு சேர்க்கப்பட்டது. 2021-இல் அது மீண்டும் தனி இனமானது. அழகுச் செடிகளில் பெசேயி எனப்பட்டவற்றில் பல சூடோபெசேயி என்ற புதிய இனத்துக்குள் வந்தன. இந்தப் பிரிவினையே சரி.

செவ்வந்தியில் அடியிலைகள் முதலில் கெடும். பெரிய நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளாகி, பழுப்பாகி, கோடு கிழித்தாற்போல் நரம்போரம் நிற்கும். காய்ந்த இலை உதிராமல் தண்டிலேயே தொங்கும். பூஞ்சை நோய் என்று எண்ணி வீணாக மருந்தடிப்பவர்கள் பலர். ஐயம் தீர, பழுப்பும் பச்சையும் சேரும் இடத்தில் இலையை நறுக்கிச் சிறிது நீரில் சில மணி நேரம் ஊறவிட்டு லென்ஸால் பார்த்தால் போதும். மெல்லிய கண்ணாடி இழைகள்போல் புழுக்கள் நெளிந்து நீந்தும். ஆனால் மட்கும் இலையில் தீங்கற்ற நூற்புழுக்களும் உண்டு. ஆகவே நுண்ணோக்கியில் வாயின் நுண்ணூசியையும், உடலின் அகலத்தை ஏறக்குறைய நிரப்பும் உணவுக்குழல் குமிழையும் பார்த்தாக வேண்டும். ஃபிரகேரியேயின் பக்கவாட்டில் 2 கோடுகள், வால் நுனியில் ஒற்றை முள். பெசேயியில் 4 கோடுகள், நட்சத்திரம்போல் 3 அல்லது 4 முனைகள்.

மேற்கு வங்கத்தில் சம்பங்கிக் கதிர்கள் சொரசொரப்பாகிக் குட்டையாகி மொட்டு விரியாமல் போனதற்கு, அப்போது பெசேயி எனப்பட்ட புழுவே காரணம் எனக் கண்டறியப்பட்டது. பெங்களூரில் சுகந்தராஜா எனப்படுவது இதே பூதான். ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் சிருங்கார் என்ற சம்பங்கி ரகம் தாங்குவது வேர்முடிச்சு நூற்புழுவை. அதை நட்டால் இலை நூற்புழுவும் அண்டாது என்று நம்பக் கூடாது. ஈர இலைமேல் நீர்ப்படலத்தில் நீந்தியே புழு இலைத்துளைக்குள் நுழைகிறது. எனவே பெங்களூரின் மழை மாதங்களில் தொட்டிகளை நெருக்கி வைத்து மேலிருந்து நீர் தெளிப்பது அதற்கு வழி அமைத்துக் கொடுக்கும். காய்ந்த செவ்வந்தி இலையில் புழு ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். அத்தகைய இலைகளைப் பறித்து உரக்குழியில் போடாமல் எரித்துவிட வேண்டும்.

இன்று மரபணுச் சோதனையாலும் இனம் பிரிக்கிறார்கள்.