அங்கீகாரம்: யாருடைய தவறு, யாருக்குத் தண்டனை?

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடித்து வருகிறவர்களோடு உட்கார்ந்துதான் நான் எம்.ஏ. தமிழ் படித்தேன். அஞ்சல்வழிக் கல்வி, ஞாயிற்றுக்கிழமை தொடர்பு வகுப்பு. பிறகு ஒரு வேலைக்குப் போனபோது, சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்த எழுத்தர் கேட்டார்: "இந்த வருஷத்துக்கு அப்ரூவல் லெட்டர் இருக்கா சார்?" என்ன படித்தேன் என்று அவர் கேட்கவே இல்லை.

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. புதுச்சேரிக்காரர்களுக்கு அது புதுசும் இல்லை. 1954 நவம்பர் 1 அன்று இங்கே நிர்வாகம் கைமாறியது. பிரெஞ்சு ஆட்சியில் வாங்கிய பக்கலோரெயாவும் ப்ரெவேயும் இனி செல்லுமா? 1956 மே மாதம் கையெழுத்தாகி 1962இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் பதில் சொன்னது: உயர்கல்விக்கும் அரசுப் பணிக்கும் இந்தியா அவற்றை ஏற்கும். ஓர் அரசு போய் இன்னோர் அரசு வந்தாலும் படித்தவர் தலையில் சுமை விழக்கூடாது என்பது அதன் பொருள்.

அதே 1956இல்தான் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டமும் வந்தது. பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு என்று அதன் 22ஆம் பிரிவு வரையறுத்தது. தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் தொடங்கிய அஞ்சல்வழிக் கல்வி, 1979இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் வந்தது. கல்லூரி வாசலை மிதிக்க முடியாத தொழிலாளிகள், கல்யாணமாகி வீட்டோடு இருந்த பெண்கள், குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள் இந்த வழியாக உள்ளே வந்தார்கள். கண்காணிப்பு பின்னால் வந்தது. இக்னோவின் கீழ் 1991இல் தொலைநிலைக் கல்விக் குழு அமைந்தது. 2013இல் அது கலைக்கப்பட்டு, அதிகாரம் மானியக் குழுவின் கைக்குப் போனது.

பிறகு நடந்ததைப் பாருங்கள். அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலை முறையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அண்ணாமலையின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் என்று 2022 மார்ச்சில் மானியக் குழு அறிவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பணம் கட்டிச் சேர்ந்து, பரீட்சை எழுதியவர்கள் அந்த அறிவிப்பைப் பேப்பரில்தான் படித்தார்கள்.

விதியே வேண்டாம் என்பதல்ல என் வாதம். அனுமதியில்லாமல் அஞ்சல்வழியில் பொறியியல் பட்டம் விற்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் மீது 2017இல் உச்ச நீதிமன்றம் நடவடிக்கை எடுத்தது சரி. சோதனைக்கூடம் பார்க்காத பொறியாளர் ஆபத்துதான். ஆனால் அங்கேயும் 2001-05இல் சேர்ந்தவர்கள் மறுபடி பரீட்சை எழுத வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு சேர்ந்தவர்களின் பட்டம் ரத்தானது. கட்டணத்தைத் திருப்பித் தரலாம், சரி. போன வருஷங்களை யார் திருப்பித் தருவது?

இப்போது இணையவழிப் பட்டங்களின் காலம். 2020 விதிகள் அவற்றை நடத்த, நாக் மதிப்பீட்டில் குறிப்பிட்ட புள்ளி அல்லது தேசியத் தரவரிசையில் முதல் 100க்குள் இடம் கேட்டன. அந்த விதிகளின்படி பெற்ற பட்டம் வழக்கமான பட்டத்துக்குச் சமம் என்று 2022 செப்டம்பரில் அறிவிப்பும் வந்தது. நல்லதுதான். ஆனால் அந்தச் சமத்துவம் நிறுவனத்தின் புள்ளியில் தொங்குகிறது. புள்ளி என்பது நிறுவனத்துக்கும் அரசுக்கும் இடையிலான பேச்சுவார்த்தை. மாணவர் அதில் பங்காளி அல்ல; பாதிப்பு மட்டும் அவருடையது.

அங்கீகாரம் தரத்தை அளப்பதாகச் சொல்லப்படுகிறது. நடைமுறையில் அது, யாருடைய உழைப்பு கணக்கில் வரும், யாருடையது வராது என்று பிரிக்கிற அதிகாரமாகவும் இருக்கிறது. பின்வாசல் வழியாக வந்தவர்களிடம்தான் அந்தக் கடிதம் திரும்பத் திரும்பக் கேட்கப்படுகிறது. ரெகுலரில் படித்த என் நண்பர்களிடம் ஒருவரும் கேட்டதில்லை.

நாம் எழுப்ப வேண்டிய கோரிக்கை எளியது. சட்டப்படி அமைந்த ஒரு பல்கலைக்கழகம் பகிரங்கமாக விளம்பரம் செய்து சேர்த்த மாணவரின் பட்டத்தைப் பின்தேதியிட்டுப் பறிக்கக் கூடாது. தவறு இருந்தால் சேர்த்தவர் மீதும், பார்த்துக்கொண்டிருந்தவர் மீதும் நடவடிக்கை எடுக்கட்டும். இரண்டு அரசுகள் 1956இல் ஒத்துக்கொண்ட இந்த நியாயம், ஒரே அரசின் இரண்டு அலுவலகங்களுக்கு இடையே ஏன் செல்லாமல் போகிறது?