முரகாமி காது கொடுத்த வருஷம்

ஹாருகி முரகாமி என்றாலே நம்ம ஆளுங்க பூனை, ஜாஸ், மாரத்தான் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தக் கதை தெரிந்ததுதான். 1949ல் கியோட்டோவில் பிறந்தவர், டோக்கியோவில் மனைவியோடு சேர்ந்து ஜாஸ் பார் நடத்தினார். 1978ல் பேஸ்பால் மேட்ச் பார்க்கும்போது நாவல் எழுதலாம்னு தோணுச்சாம். (நமக்கு கிரிக்கெட் பார்த்தால் பசிதான் வருது!) 1987ல் 'நார்வேஜியன் வுட்' லட்சக்கணக்கில் விற்றது. 1991ல் அமெரிக்கா போய்விட்டார்.

எனக்கு முக்கியமாகப் படுவது 1995தான். ஜனவரியில் கோபே பூகம்பம். அவர் வளர்ந்த பக்கம். மார்ச் 20 காலை, டோக்கியோ சுரங்க ரயில்களில் ஓம் ஷின்ரிக்கியோ ஆட்கள் சாரின் விஷப் பைகளைக் குடை முனையால் குத்திவிட்டு இறங்கிப் போனார்கள். அந்த ஐந்து பேரில் ஒருவர் இதய அறுவை மருத்துவர். இயற்பியல் படித்தவர்களும் இருந்தார்கள். எஞ்சினியரிங் படித்த எனக்கு இதுதான் வயிற்றைக் கலக்கியது. படிப்பு காப்பாற்றலையே!

பத்திரிகைகள் எல்லாம் சாமியார் பின்னாடி ஓடின. முரகாமி கண்ணில் பட்டது ஒரு வாசகர் கடிதம். சாரினில் பாதிக்கப்பட்ட கணவர், உடம்பு பழையபடி தேறாமல், ஆபீஸில் குத்தலான பேச்சும் கேட்டு வேலையை விட்டதாக மனைவி எழுதியிருந்தார். அதே வருஷம் ஜப்பானுக்கே திரும்பிவிட்ட முரகாமி, 1996 முழுக்க அறுபதுக்கும் மேற்பட்டவர்களைத் தேடிப்போய்ப் பேச வைத்தார். ரயில்வே ஊழியர்கள், ஆபீஸ் போகிறவர்கள், இறந்தவர்களின் வீட்டார். எழுதியதை அவர்களிடமே காட்டி, வேண்டாம் என்றதை எடுத்துவிட்டார். மூளை பாதித்து, பேச்சே சரியாக வராமல் ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு பெண்ணையும் போய்ப் பார்த்தார். அந்தப் பெண் போக ஆசைப்பட்ட இடம் டிஸ்னிலேண்ட். இந்தப் பக்கங்களை என்னால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை.

1997ல் 'அண்டர்கிரவுண்ட்' வந்தது. மாய யதார்த்தம் ஒரு சொட்டு கிடையாது. அப்புறம் ஓம் ஆட்களிடமும் போய்ப் பேசினார். விட்டுவைக்கலை மனுஷன்.

2018 ஜூலையில் ஓம் தலைவர் உட்பட 13 பேரைத் தூக்கில் போட்டார்கள். முரகாமி பொதுவாக மரண தண்டனைக்கு எதிரானவர். ஆனாலும் பாதிக்கப்பட்டவர்களின் வலியை நேரில் கேட்டுவிட்டு, இந்த வழக்கில் 'நான் எதிர்க்கிறேன்' என்று தன்னால் வெளிப்படையாகச் சொல்ல முடியவில்லை என மைனிச்சி நாளிதழில் எழுதினார்.