பதிவேட்டின் ஒரு வரி: மருத்துவமனைக்குள் பிறந்த ‘திலாசா’வின் வரலாறு

(சற்று நீளமான பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.)

‘ஸ்டவ் வெடித்தது.’ ‘குளியலறையில் வழுக்கி விழுந்தார்.’ ‘மருந்து என்று நினைத்துப் பூச்சிக்கொல்லியைக் குடித்துவிட்டார்.’

அரசு மருத்துவமனைகளின் அவசரச் சிகிச்சைப் பிரிவுகளில் பெண்களின் பெயருக்கு நேராக எழுதப்பட்டுவந்த வரிகள் இவை. காயத்தின் அளவு, ஆழம், நிறம் எல்லாம் துல்லியமாகக் குறிக்கப்பட்டிருக்கும். காயம் எவ்வாறு நேர்ந்தது என்னும் இடத்தில் மட்டும் இப்படி ஒரு வரி. அதைச் சொன்னவர் பெரும்பாலும் நோயாளியாக இருக்கமாட்டார். அருகில் நின்ற கணவரோ மாமியாரோ சொல்லியிருப்பார். நோயாளியே சொல்லியிருந்தாலும் அவர்கள் காதில் விழும்படிதான் சொல்லியிருப்பார். குற்றத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இந்திய மருத்துவமனைகள் எவ்வாறு துணைநிற்கத் தொடங்கின என்ற வரலாற்றை எழுத முற்பட்டால், அந்த ஒரு வரி எப்படி மாறத் தொடங்கியது என்பதைத்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் நமக்குக் கிடைத்த மரபைப் பார்ப்போம். இந்தியாவில் சட்ட மருத்துவம் குடியேற்ற ஆட்சியின் தேவைக்காக வளர்ந்த துறை. 1856இல் வங்காளத்தில் நார்மன் செவர்ஸ் எழுதிய கையேடும், 1920இல் ஜெய்சிங் மோதி வெளியிட்ட பாடநூலும் பல தலைமுறை மருத்துவர்களை உருவாக்கின. உள்நாட்டு மக்களின் வாய்மொழியை நம்ப இயலாது, உடலே உண்மை பேசும் என்பது அம்மரபின் அடிப்படை எண்ணம். பெண்ணின் சொல் இரட்டை ஐயத்துக்கு உள்ளாயிற்று. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், பாலியல் வன்முறை வழக்கில் புகார் அளித்த பெண்ணின் ‘பொதுவான ஒழுக்கக்கேட்டை’ எடுத்துக்காட்டி அவருடைய நம்பகத்தன்மையைக் குலைக்க எதிர்த்தரப்புக்கு இடமளித்தது. அவ்விதி 2003இல்தான் நீக்கப்பட்டது. ஆக, இத்தகைய வழக்குகளில் மருத்துவமனை காவல் துறைக்குச் சான்று சேகரித்துத் தரும் கிளையாகவே இயங்கிற்று. வந்தவர் நோயாளி என்பது இரண்டாவதாகவே நினைவுக்கு வந்தது.

இதன் விளைவை நாடறியச் செய்தது 1978ஆம் ஆண்டின் ஓர் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் 1972இல் ஓர் ஆதிவாசிச் சிறுமி வன்கொடுமைக்கு ஆளானதாகத் தொடரப்பட்ட வழக்கில் இரு காவலர்களும் விடுவிக்கப்பட்டனர். அவள் உடலில் காயங்கள் இல்லை என்பது தீர்ப்பின் காரணங்களுள் ஒன்று. அவள் பாலுறவுக்குப் ‘பழகியவள்’ என்ற முடிவுக்கு விசாரணை நீதிமன்றம் வருவதற்கு மருத்துவப் பரிசோதனைக் குறிப்பு உதவியிருந்தது. உபேந்திர பக்ஷி, லோதிகா சர்க்கார், வசுதா தாகம்வார், ரகுநாத் கேல்கர் ஆகிய நான்கு சட்டப் பேராசிரியர்கள் 1979இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய திறந்த மடல் நாடு தழுவிய இயக்கத்துக்கு வித்திட்டது. 1983இல் குற்றவியல் சட்டங்கள் திருத்தப்பட்டன. கணவர் வீட்டாரின் கொடுமையைத் தண்டிக்கும் 498ஏ பிரிவும் அவ்வாண்டே வந்தது.

சட்டம் மாறியதும், பாதிக்கப்பட்ட பெண்ணுக்கு யார் எங்கே உதவுவது என்ற கேள்வி எழுந்தது. அன்று கிடைத்த விடை காவல் நிலையம். 1984இல் டாடா சமூக அறிவியல் நிறுவனம் மும்பைக் காவல் ஆணையர் அலுவலகத்திலேயே பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான சிறப்புப் பிரிவைத் தொடங்கிப் பயிற்சி பெற்ற சமூகப் பணியாளர்களை அங்கே அமர்த்திற்று. அது முன்னோடியான முயற்சி. ஆனால் காவல் நிலையத்தின் படியேறும் பெண் ஏற்கெனவே ஒரு முடிவெடுத்தவர். அம்முடிவுக்கு வந்திராத, வர இயலாத பெண்கள் ஏராளம். காவல் நிலையத்துக்குச் செல்வதற்கு வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டும். மருத்துவமனைக்குச் செல்வதற்கு அது தேவையில்லை. அடித்தவரே அழைத்துவரும் ஒரே அரசு நிறுவனமும் மருத்துவமனைதான்.

1990களில் இந்த உண்மையை ஆய்வாளர்கள் கவனிக்கத் தொடங்கினர். மும்பையின் பெரிய அரசு மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவுப் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, ‘விபத்து’ என்று முடித்துவைக்கப்பட்டவற்றுள் கணிசமானவை வீட்டு வன்முறையாக இருக்கக்கூடும் என்பது புலப்பட்டது. மருத்துவர்களுக்கு இது தெரியாத செய்தியன்று. தெரிந்தும் கேட்கவில்லை, கேட்டால் அடுத்து என்ன செய்வது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இந்த இடத்தில்தான் 1994இல் தொடங்கப்பட்ட ‘செஹத்’ என்னும் ஆய்வு மையம் வரலாற்றில் நுழைகிறது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளால் அமைந்த இச்சொல்லுக்கு இந்தியில் உடல்நலம் என்றே பொருள். இவர்கள் பெருமும்பை மாநகராட்சியின் பொதுச் சுகாதாரத் துறையுடன் இணைந்து, 2000ஆம் ஆண்டில் பாந்த்ராவின் கே.பி. பாபா மாநகராட்சி மருத்துவமனையில் ஒரு மையத்தை நிறுவினர். பெயர் ‘திலாசா’, ஆறுதல், தேற்றுதல் என்று பொருள். மருத்துவமனையை அடித்தளமாகக் கொண்டு இந்தியாவில் எழுந்த முதல் நெருக்கடி உதவி மையம் இது.

இதன் சிறப்பு அறையில் இல்லை, அமைப்புமுறையில் இருக்கிறது. வெளியிலிருந்து வந்த தொண்டு நிறுவனம் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் மேசை போட்டு அமர்ந்திருந்தால், அந்நிறுவனம் சென்ற மறுநாள் மேசையும் சென்றிருக்கும். திலாசா மருத்துவமனையின் ஒரு துறையாகவே வடிவமைக்கப்பட்டது. எலும்பு முறிவுப் பிரிவுக்கு அனுப்புவதுபோல, மருத்துவர் ஒரு பெண்ணைத் திலாசாவுக்கும் அனுப்பலாம். மருத்துவர்கள், செவிலியர்கள், வார்டு பணியாளர்கள் ஆகியோருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. அவர்களிலிருந்தே பயிற்றுநர்கள் உருவாக்கப்பட்டு, அவர்கள் தம் சக ஊழியர்களுக்குப் பயிற்றுவித்தனர்.

பயிற்சியின் மையம் மிக எளிய ஒன்று: கணவரையும் உறவினரையும் வெளியே நிற்கச் செய்து, தனிமையில், குற்றஞ்சாட்டாத குரலில் அப்பெண்ணைக் கேட்பது. முகத்திலும் வயிற்றிலும் காயம், மீண்டும் மீண்டும் வருகை, காரணம் புலப்படாத நீடித்த வலி, தற்கொலை முயற்சி, அடுத்தடுத்த கருக்கலைப்பு ஆகியவை இருப்பின் கேட்க வேண்டும் என்ற மருத்துவ அறிவு அதற்குத் துணைநின்றது. பெண் சொன்னவை அவர் சொற்களிலேயே ஆவணப்படுத்தப்பட்டன. பின்னாளில் அவர் வழக்குத் தொடுக்க விரும்பினால் அதுவே சான்றாகும். ஆற்றுப்படுத்துநர் அவருடன் அமர்ந்து, அன்றிரவு வீடு திரும்புவது பாதுகாப்பானதா என்பதை முதலில் ஆராய்ந்தார். பாதுகாப்பில்லை எனில், அவரை உள்நோயாளியாகச் சேர்த்துத் தற்காலிகமாகத் தங்கவைக்கவும் வழி இருந்தது. காப்பகம் என்று தனியே ஒன்றைக் கட்டாமல், மருத்துவமனைக் கட்டிலையே காப்பகமாக்கிய இந்த நடைமுறை என்னை இன்றும் வியக்கவைக்கிறது.

2006 இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனை. குர்லாவின் பாபா மருத்துவமனையில் இரண்டாவது மையம் அமைந்தது. மாநகராட்சி இம்மையங்களைத் தன் சொந்தப் பொறுப்பில் ஏற்றுக்கொள்ள, செஹத் பயிற்சியும் வழிகாட்டுதலும் தருவதாகத் தன் பங்கை மாற்றிக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபர் 26ஆம் நாள் நடைமுறைக்கு வந்த குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், மருத்துவமனைக்கு முதன்முறையாக ஒரு தெளிவான கடமையை வகுத்தது: பாதிக்கப்பட்ட பெண்ணோ அவர் சார்பில் பாதுகாப்பு அலுவலரோ கோரினால் மருத்துவ உதவி அளித்தே தீர வேண்டும். பின்னர் தேசிய நகர்ப்புற நலவாழ்வு இயக்கத்தின் நிதியுதவியுடன் மும்பையில் 11 மருத்துவமனைகளுக்குத் திலாசா விரிந்தது.

பாலியல் வன்முறைக்கு ஆளானோர் விஷயத்தில் மாற்றம் இன்னும் மெல்ல நகர்ந்தது. 2008 முதல் மும்பையின் மூன்று மாநகராட்சி மருத்துவமனைகளில், சிகிச்சைக்கும் ஒப்புதலுக்கும் முதலிடம் தரும் பரிசோதனை முறையைச் செஹத் செயல்படுத்திக் காட்டிற்று. 2012 டிசம்பரில் தில்லியில் நடந்த கொடுமைக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழு, ‘இரு விரல் பரிசோதனை’யைக் கண்டித்தது. 2013இல் உச்ச நீதிமன்றமும் அது பெண்ணின் மாண்பையும் அந்தரங்க உரிமையையும் மீறுவதாகக் கூறியது. 2014இல் நடுவண் சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், மும்பையில் பழகித் தேர்ந்த முறையைப் பெரிதும் ஒத்திருந்தன. ஆயினும் 2022 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம், இப்பரிசோதனையைச் செய்வோர் நடத்தைமீறல் குற்றத்துக்கு உள்ளாவர் என்று மறுபடியும் எச்சரிக்க வேண்டியிருந்தது. நூறாண்டுப் பாடநூல் மரபு ஓர் அரசாணையால் மறைந்துவிடாது.

பிற மாநிலங்களும் தத்தம் வழியில் முயன்றன. கேரளம் அரசு மருத்துவமனைகளில் ‘பூமிகா’ மையங்களை அமைத்தது. ஷில்லாங்கின் கணேஷ் தாஸ் மருத்துவமனையில் ஒரு மையம் தோன்றியது. 2014இல் போபாலின் அரசு மருத்துவமனை ஒன்றில் ‘கௌரவி’ தொடங்கப்பட்டது. 2015 ஏப்ரல் 1 முதல் நடுவண் அரசு ‘சகி’ ஒருங்கிணைந்த சேவை மையங்களை மாவட்டந்தோறும் அமைக்கத் தொடங்கியது. மருத்துவம், காவல், சட்ட உதவி, உளவியல் ஆலோசனை, தற்காலிகத் தங்குமிடம் ஆகிய ஐந்தும் ஒரே கூரையின் கீழ் என்பது திட்டம். மையம் மருத்துவமனை வளாகத்திலேயே அமைவது நன்று. இயலாவிடில் 2 கி.மீ. சுற்றளவுக்குள் இருக்கலாம் என்று விதி தளர்ந்தது.

என் கவலை அந்த 2 கிலோமீட்டரைப் பற்றியது. காகிதத்தில் அது சிறிய தொலைவு. தலையில் தையலுடன், கையில் குழந்தையுடன், வெளியே காத்துநிற்கும் கணவரைக் கடந்து ஒரு பெண் அத்தொலைவைத் தானே கடக்க வேண்டும் என்று சொன்னால், திலாசா கண்டறிந்ததை நாம் மறந்துவிட்டோம் என்று பொருள். மருத்துவமனைக்குள் கேட்பவர் இல்லையேல், வெளியே கட்டப்பட்ட மையம் ஏற்கெனவே துணிந்துவிட்ட பெண்களுக்கு மட்டுமே பயன்படும். 1984இல் இருந்த அதே இடைவெளி மீண்டும் திறக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. 2013இல் சேர்க்கப்பட்ட 357சி பிரிவு, பாலியல் வன்முறைக்கும் அமில வீச்சுக்கும் ஆளானோருக்கு அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்க வேண்டும் என ஆணையிட்டது. மறுப்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள புதிய நடைமுறைச் சட்டத்தின் 397ஆம் பிரிவு இதைத் தொடர்கிறது. ஆனால் சிகிச்சையை உறுதிசெய்யும் அதே விதி, உடனே காவல் துறைக்குத் தெரிவிக்கவும் சொல்கிறது. வழக்கு வேண்டாம், சிகிச்சை மட்டும் போதும் என்று வருபவர் இதை அறிந்தால் வராமலே போகக்கூடும். வழக்குத் தொடர விரும்பாதவரின் மறுப்பையும் முறையாகப் பதிவுசெய்ய 2014 நெறிமுறைகள் இடமளிக்கின்றன. இதை வாசலிலேயே பொறுமையாக எடுத்துச் சொல்ல ஒருவர் இருக்கிறாரா என்பதில்தான் அந்த உரிமையின் உயிர் இருக்கிறது.

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21), உடல் அல்லது பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுள் உதவி தேடியவர்கள் ஏறத்தாழ 14 விழுக்காட்டினரே. எஞ்சியோரில் பலர் தம் வாழ்வின் ஏதோ ஒரு நாளில், ஏதோ ஒரு காரணத்துக்காக, ஒரு செவிலியரின் முன் அமர்ந்திருப்பார்கள்.

இப்பதிவை வாசிக்கும் மருத்துவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மருத்துவமனையில், காயம்பட்டு வரும் பெண்ணைத் தனியே அமர்த்திப் பேச ஓர் இடம் இருக்கிறதா? அவர் உண்மையைச் சொன்னால், அடுத்து யாரிடம் அழைத்துச் செல்வது என்று இரவுப் பணியில் இருப்பவருக்குத் தெரியுமா? பாந்த்ராவில் 2000ஆம் ஆண்டு தொடங்கியபோது எழுப்பப்பட்ட கேள்விகள் இவைதாம். இவற்றுக்கு விடை கிடைக்கும் இடங்களில், ‘வழுக்கி விழுந்தார்’ என்ற வரி உண்மையாகவே வழுக்கி விழுந்தவர்களுக்கு மட்டும் எழுதப்படும்.