ஐந்தொகை சரி, ஆனால் அச்சு உடைந்தது

1842 மே 8. வெர்சேல்ஸ் அரண்மனையில் மன்னர் லூயி பிலிப்புக்காக விழா. வேடிக்கை பார்த்துவிட்டுப் பாரீஸ் திரும்பிய கூட்டம் ஏறிய ரயிலில், முன்னால் போன எஞ்சினின் அச்சு வழியில் உடைந்தது. பின்னால் வந்த பெட்டிகள் அதன்மேல் ஏறித் தீப்பிடித்தன. அப்போதெல்லாம் பயணிகளை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டிவிடுவார்களாம். 50 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

நல்ல அச்சு ஏன் உடைய வேண்டும்? 1843ல் ராங்கின் என்ற ஸ்காட்லாந்துக்காரர், இப்படிப்பட்ட அச்சுகளில் மேற்பரப்பில்தான் விரிசல் ஆரம்பித்து மெல்ல உள்ளே போகிறது என்று காட்டினார். பிறகு ஜெர்மனியில் வோலர், 1870 வரை வருடக்கணக்காக அச்சுகளைச் சுழற்றிச் சோதித்தார். ஒரே தடவையில் உடைக்க முடியாத சின்ன பாரம்கூட, லட்சக்கணக்கான தடவை வந்து போனால் உடைத்துவிடும் என்று நிரூபித்தார்.

ஆக, எல்லாம் மேற்பரப்பில் இருக்கிறது. அந்த மேற்பரப்பை உண்டாக்குவது லேத்தும் கிரைண்டிங்கும். மழுங்கின டூலால் அழுத்தித் தேய்த்தால் மேல்தோல் சூடேறி விரியப் பார்க்கும். உள்ளே இருக்கும் குளிர்ந்த இரும்பு விடாது. அதனால் தோல் நசுங்கிவிடும். ஆறும்போது சுருங்கப் பார்க்கும், அதற்கும் உள்ளே இருப்பது விடாது. கடைசியில் தோல் இழுபட்டே நிற்கும். இதைத்தான் எஞ்சிய தகைவு என்கிறார்கள். 1951ல் ஹென்ரிக்சன், கடைந்த பரப்புகளில் இந்தத் தகைவைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார்.

காமர்ஸ் படித்தவனுக்கு இதில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. வெளியே இழுவிசை, உள்ளே அதற்குச் சமமாக அமுக்கம். இரண்டையும் கூட்டினால் பூஜ்யம். ஐந்தொகை கச்சிதமாக டேலி ஆகும், கடனோ உள்ளேயே இருக்கும்! ஸ்கேல் வைத்து அளந்தாலும் தெரியாது, பளபளப்பைப் பார்த்தாலும் தெரியாது. எக்ஸ்ரே மாதிரியான முறைகள் வேண்டும்.

இதையே நல்லதுக்கும் திருப்பலாம். சின்னச் சின்ன எஃகுக் குண்டுகளை வேகமாக வீசினால் தோல் பக்கவாட்டில் பரவப் பார்க்கும். உள்ளிருப்பது தடுப்பதால் தோல் அமுக்கத்தில் நிற்கும், விரிசல் வாய் திறக்காது. ஜெனரல் மோட்டார்ஸில் இருந்த ஜான் ஆல்மென் இதை அளக்க ஒரு சுலப வழி கண்டுபிடித்தார். மெல்லிய எஃகுப் பட்டையை ஒரு பக்கம் மட்டும் அடித்துவிட்டு அவிழ்த்தால் அது வில்லாக வளையும். எவ்வளவு வளைகிறதோ அவ்வளவு வீரியம். இன்றும் அந்தப் பட்டைக்கு அவர் பெயர்தான்.

நம்மவர்கள் பலர் வெளியூர்களில் சின்ன பட்டறை நடத்துகிறார்கள், நம் பிள்ளைகள் அங்கே வேலை பார்க்கிறார்கள். டூல் செலவை மிச்சம் பிடிப்பதும், கூலன்ட்டைக் குறைப்பதும் அன்றைக்கு லாபமாகத்தான் தெரியும். பில் வருவது பல வருடம் கழித்து, எங்கோ ஓடும் ஒரு வண்டியில். அதில் ஊருக்குப் போய்க்கொண்டிருப்பது நம் வீட்டு ஆட்களாகவும் இருக்கலாம்.