குழல்பணத்தின் கணக்கு

1970களில் வளைகுடா சென்ற மலையாளத் தொழிலாளர் பலர் வங்கியை விடுத்து, மலையாளத்தில் 'குழல்பணம்' எனப்படும் வழியை நாடியது ஏன்? (நம் வழக்கில் உண்டியல், கோயில் உண்டியலன்று.) வங்கிக் கட்டணமும் தாமதமும் காரணங்களே, ஆயினும் பேரிழப்பு மாற்று விகிதத்தில் ஒளிந்திருந்தது. அரசு நிர்ணயித்ததைவிட முகவர் கூடுதல் ரூபாய் தந்தார். அங்கே அவர் திர்ஹம் பெற்றுக்கொள்ள, இங்கே அவருடைய ஆள் மலப்புரத்து வீட்டில் ரூபாயைச் சேர்ப்பித்தார். பணம் கடலைக் கடக்கவில்லை. பல வேளைகளில் கடந்தது தங்கம். அதைக் கள்ளச்சந்தையில் விற்ற ரூபாயே வீடுகளுக்குப் போயிற்று.

1973ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் இதைத் தண்டித்தது. தண்டனையால் இவ்வழக்கம் தளர்ந்ததாக எனக்குத் தோன்றவில்லை. 1992 மார்ச்சில், அனுப்பப்படும் தொகையில் 60 விழுக்காட்டைச் சந்தை விகிதத்தில் மாற்ற அரசு இசைந்தது. மறு ஆண்டு முழுத் தொகையையும். முகவரின் ஆதாயத்தை அரித்தது இதுவே.