ஊர் வானொலிக்கு எந்தக் கருவி? சில பழைய கதைகள்



2018 டிசம்பர் வெள்ளத்தை கிளிநொச்சிப் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அப்படியொரு இரவில் எந்தப் பாதை துண்டிக்கப்பட்டது, எந்தப் பாடசாலைக்குப் போவது என்று சொல்ல ஊருக்கென்று ஒரு சின்ன எஃப்.எம். இருந்தால் எவ்வளவு உதவி! இந்தப் பேச்சு வந்தாலே அடுத்த கேள்வி, “எத்தனை வாட்ஸ் மெஷின் வாங்கலாம்?” அதற்கு முன் நமது நாட்டில் நடந்ததைக் கொஞ்சம் பார்ப்போம்.

இலங்கையில் முதல் ஒலிபரப்பே பொறுக்கிச் சேர்த்த சாமானில்தான் நடந்தது. 1923இல் எட்வேர்ட் ஹாப்பர் என்ற தந்தித் திணைக்களப் பொறியியலாளர், கைப்பற்றப்பட்ட ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிகளை வைத்து கொழும்பில் இசைத்தட்டுப் பாடல்களை ஒலிபரப்பிப் பார்த்தார். 1925இல் கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது.

நமக்கு அதைவிட நெருக்கமானது மகாவலி சமூக வானொலி. யுனெஸ்கோ, டென்மார்க் உதவியோடு 1981இல் தொடங்கினார்கள். அவர்களிடம் முதலில் ஊருக்குள் வந்தது ஒலிபரப்பி இல்லை, கையில் தூக்கிப் போகும் ஒலிப்பதிவுக் கருவி. மகாவலித் திட்டத்தில் குடியேற்றப்பட்ட கிராமங்களில் நாட்கணக்கில் தங்கி, சனங்களின் குரலையே பதிவு செய்தார்கள். கிராந்துருகோட்டையில் சிறிய நிலையம் 1986இல்தான் வந்தது. கொத்மலை 1989இல். எங்கள் கணக்கில் இந்த வரிசைதான் சரி. பேச ஆளும் விஷயமும் இல்லாமல் மெஷினை மட்டும் வாங்கினால் நாள் முழுக்கப் பாட்டுத்தான் போடலாம்.

இனி வாட்ஸ் விஷயம். எஃப்.எம். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். ஆகவே அன்ரனாவின் உயரம்தான் முதலில் தூரத்தைத் தீர்மானிக்கும். சமதரையில் 10 மீற்றர் உயரத்துக்கு சுமார் 13 கிலோமீற்றர், 30 மீற்றருக்கு சுமார் 22. மரமும் கட்டடமும் இதில் இன்னும் குறைக்கும். வாட்ஸை இரட்டிப்பாக்கினால் தூரம் இரட்டிப்பாகாது. கொத்மலைக்காரருக்கு மலை இருக்கிறது. வன்னியில் கோபுரம்தான் மலை. கொக்காவிலில் போரில் அழிந்த ஒலிபரப்புக் கோபுரத்துக்குப் பதிலாக 2011இல் 174 மீற்றர் உயரத்தில் புதிதாகக் கட்டியதும் அதற்காகத்தான். இந்தியாவில் சமூக வானொலிக்கு 100 வாட்ஸ், 30 மீற்றர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். 2016இல் தொடங்கிய பாம்பன் மீனவரின் கடல் ஓசை போன்ற நிலையங்கள் அந்த வகையில் வருபவைதான்.

பலர் கவனிக்காதது கேபிள். 50 வாட்ஸ் மெஷினிலிருந்து 30 மீற்றர் மெல்லிய கேபிள் இழுத்தால் அன்ரனாவுக்குப் போய்ச் சேருவது சுமார் 17 வாட்ஸ்தான், மிச்சம் கேபிளிலேயே சூடாகிப் போகும். தடித்த கேபிளில் 30 வாட்ஸாவது போகும். ஆகவே மெஷினில் மிச்சம்பிடித்து கேபிளுக்கும் கோபுரத்துக்கும் இடிதாங்கிக்கும் செலவழிப்பதே புத்தி. வடிகட்டி இல்லாத மலிவு மெஷின் வேண்டவே வேண்டாம். எஃப்.எம். வரிசை முடியும் 108க்கு மேலே விமானங்களின் அலைவரிசை இருக்கிறது, விளையாட்டில்லை.

கேட்பவர் கையில் இருக்கும் பெட்டியும் கணக்கில் வர வேண்டும். பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குப் பற்றரி வரவில்லை. சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். இன்றைய பிள்ளைகளிடம் இருப்பது ஃபோன். வெள்ளத்தில் கரண்டும் டவரும் போனால் அது எத்தனை மணிநேரம் தாங்கும்? அதனால் வீட்டுக்கு ஒரு சிறிய பற்றரி ரேடியோ என்பதும் நிலையச் செலவில் சேரும்.

கடைசியாக, உரிமம். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி இல்லாமல் 1 வாட்ஸ் என்றாலும் சட்டவிரோதம். நமது நாட்டில் சமூக வானொலிக்கென்று தனி உரிமம் கிடையாது. கொத்மலையும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கீழ்தான் இயங்கியது. ஆகவே இணையத்தில் கண்ட மெஷினுக்குக் காசு கட்டும் முன் கடிதம் எழுதுவோம். அதற்குப் பதில் வரும்வரை ஒலிப்பதிவைத் தொடங்கலாம், அதற்கு ஃபோனே போதும். வெள்ளத்தின் கதையைச் சொல்லக்கூடிய மூத்தவர்களின் பெயரை உள்பெட்டியில் அனுப்புங்கள். யாரிடமாவது அந்த டைனமோ ரேடியோ இன்னும் இருந்தால் அதையும் சொல்லுங்கள், பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.