இக்காரஸ்

கிரேக்கத் தொன்மத்தில், தந்தையின் எச்சரிக்கையை மீறிச் சூரியனை நெருங்கிப் பறந்து, கடலில் விழுந்து மாண்ட சிறுவன். அளவு கடந்த தன்னம்பிக்கைக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகக் காட்டப்படுபவன்.

இவனுடைய தந்தை ஏதென்ஸைச் சேர்ந்த கைவினை மேதை டெடலஸ். கிரீட் மன்னன் மினோஸுக்காக லாபிரிந்த் என்னும் புதிர்மனையைக் கட்டிய அவரை, மன்னன் தீவைவிட்டுப் போகவிடவில்லை. தரையும் கடலும் அடைபட்டதால், இறகுகளை நூலாலும் மெழுகாலும் இணைத்துத் தனக்கும் மகனுக்கும் சிறகு செய்தார்.

ஏதென்ஸ் அக்ரோபோலிஸில் கிடைத்த கி.மு. 6ஆம் நூற்றாண்டுப் பானை ஓடு ஒன்றிலேயே இக்காரஸின் பெயர் இருக்கிறது. நாம் அறிந்த கதைவடிவம் பெரிதும் ரோமானியக் கவிஞர் ஓவிட் தந்தது. கி.பி. 8 வாக்கில் அவர் முடித்த 'மெட்டமார்போசஸ்' காவியத்தில், தந்தை வேலை செய்துகொண்டிருக்க, பையன் காற்றில் அலையும் இறகுகளைப் பிடித்தும் மெழுகைக் கட்டைவிரலால் பிசைந்தும் விளையாடுகிறான். சிறகை மாட்டிவிடும்போது கிழவரின் கை நடுங்குகிறது. அவருடைய எச்சரிக்கை இரண்டு: உயரே போனால் வெயில் மெழுகை உருக்கும், தாழப் போனால் கடல்நீர் இறகைக் கனக்கச் செய்யும். இரண்டாவதைப் பின்னால் கதை சொன்னவர்களில் பலர் விட்டுவிட்டார்கள். நடுவழியைச் சொன்ன கதை, உயர நினைப்பவரை அடக்கும் கதையாகச் சுருங்கியது இப்படித்தான்.

ஓவிடின் இக்காரஸிடம் ஆணவம் இல்லை. பறக்கும் களிப்பில் தன்னை மறந்த பிள்ளை அவன். கர்வம் தந்தையிடம்தான் இருந்தது. தொழிலில் தன்னை மிஞ்சிவிடுவான் என்ற பொறாமையில், சகோதரி மகனை அக்ரோபோலிஸிலிருந்து தள்ளிவிட்டவர் டெடலஸ். அவர் மகனை அடக்கம் செய்யும்போது, கவுதாரியாக மாறியிருந்த அந்த மருமகன் சிறகடித்து மகிழ்வதாக ஓவிட் எழுதுகிறார்.

கி.பி. 2ஆம் நூற்றாண்டுப் பயண எழுத்தாளர் பாசானியஸ் இக்காரஸின் கதையை அதிசயமாகச் சொல்லவில்லை. டெடலஸ் கண்டுபிடித்தது கப்பல் பாய், இக்காரஸ் கப்பலைச் சரியாகச் செலுத்தத் தெரியாமல் கவிழ்ந்தான், கரை ஒதுங்கிய உடலைத் தொன்ம வீரர் ஹெராக்ளிஸ் புதைத்தார் என்கிறார். சாமோஸுக்கு அருகிலுள்ள இக்காரியா தீவு இன்றும் அவன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

பிரஸ்ஸல்ஸ் அரச நுண்கலை அருங்காட்சியகம் 1912இல் வாங்கிய ஓவியம் இக்கதையைப் பார்க்கும் விதத்தையே மாற்றியது. மூத்த பீட்டர் புரூகலின் பெயரில் வழங்கும் அதில், உழவன் ஏர் ஓட்டுகிறான், கப்பல் தன் வழியே போகிறது. ஓரத்தில், நீருக்கு மேலே இரு கால்கள் மட்டும். நம் கைக்குக் கிடைத்திருப்பது மூலத்தின் நகல் என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து.

1949இல் வால்டர் பாடே கண்டறிந்த, புதனைவிடச் சூரியனை நெருங்கிச் செல்லும் சிறுகோளுக்கு இக்காரஸ் என்று பெயர். 1988 ஏப்ரல் 23 அன்று கிரீட்டிலிருந்து சான்டோரினி வரை 115 கி.மீ. தூரம் கால்மிதி விசையால் மட்டுமே பறந்த விமானத்துக்கு டெடலஸ் என்று பெயரிட்டார்கள். அதை ஓட்டியவர் கிரேக்க சைக்கிள் வீரர் கனெல்லோஸ் கனெல்லோபுலோஸ்.